வீட்டைக் காப்பதா, விலகிச் செல்வதா?

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெருந்தீ மூண்ட நாட்களுக்கே பெயர்கள் உண்டு. 1939 ஜனவரி 13 கறுப்பு வெள்ளி. 1983 பெப்ரவரி 16 விபூதிப் புதன். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் அன்றே தீ மூண்டதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. 2009 பெப்ரவரி 7 கறுப்புச் சனி. மாநிலத் தலைநகரான மெல்பேர்ணில் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். ஆதலால் இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. தீ நெருங்கும்போது வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்ற கேள்விக்கான விடை இம்மூன்று நாட்களினூடாக மாறி வந்திருப்பதையே இங்கு பேச விரும்புகிறேன்.

1939 இல் 71 பேர் மாண்டனர். காட்டுக்குள் இயங்கிய மர ஆலைகளின் தொழிலாளர் பலர் தப்ப வழியின்றி எரிந்துபோயினர். நீதிபதி லெனாட் ஸ்ரெட்டன் நடத்திய விசாரணை, தீயில் மனிதனின் பங்கை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. 1945 இல் கிராமப்புறத் தீயணைப்பு அதிகாரசபை தோன்றியது.

1983 இல் விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலுமாக 75 பேர் பலியாயினர். அதன்பின் எரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் முக்கியமான ஓர் உண்மையைக் கண்டனர். பெரும்பாலான வீடுகளை எரித்தது தீச்சுவாலை அல்ல. காற்றில் பறந்து வந்த தணல் துண்டுகள். பீலியில் தேங்கிய சருகிலும் கூரை இடுக்கிலும் அவை விழுந்து, சிறிது சிறிதாகவே வீடு பற்றியது. ஆள் நின்று அணைத்த வீடுகள் பல தப்பின. கடைசி வேளையில் வாகனத்தில் ஓடியவர்களோ வீதியில் அகப்பட்டனர். ஆகவே, 'ஆயத்தமாகி நின்று காத்துக்கொள், அல்லது நேரத்தோடு வெளியேறு' என்பது கொள்கையாயிற்று. அனுபவத்தில் விளைந்த, நியாயமான கொள்கைதான்.

2009 அதைச் சோதித்தது. அன்று மெல்பேர்ணில் வெப்பம் 46.4 பாகை செல்சியஸைத் தொட்டது. பல்லாண்டு வரட்சியில் காடு உலர்ந்து கிடந்தது. கில்மோர் கிழக்கில் பழுதுற்ற மின்கம்பியொன்றிலிருந்து எழுந்த தீ மட்டும் 119 உயிர்களைக் குடித்தது. மாலையில் வடகாற்று தென்மேற்குக் காற்றாகத் திரும்பவே, அதுவரை தீயின் நீண்ட பக்கவாட்டாக இருந்தது முழுவதும் அதன் முகப்பாக மாறியது. மாண்ட 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே மாண்டனர் என்று 2010 இல் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை கூறுகிறது. ஆயத்தமின்றி இருந்தவர்கள் மட்டுமல்லர். நன்றாக ஆயத்தம் செய்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

1983 இன் பாடம் பொய்யாகிவிடவில்லை. அதற்கு ஓர் எல்லை உண்டு என்பது தெரியவந்தது. மிக மோசமான நாட்களில் எந்த வீடும் காக்கத்தக்கதன்று. 2022 செப்டெம்பர் முதல் அவுஸ்திரேலியா முழுவதும் வழக்கிலுள்ள நான்கு தீ அபாயப் படிகளில் உச்சமானது இதையே உணர்த்துகிறது. 1910 ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.5 பாகை உயர்ந்துள்ளது. தீப்பருவமும் நீண்டுள்ளது. 2019-20 கோடையில் 3000 வரையான வீடுகள் எரிந்தன.

இன்று நம் உறவினர்கள் செய்யவேண்டியவை, தீ வருவதற்கு வெகு முன்னரே செய்யவேண்டியவை. பீலியைத் துப்புரவாக்குதல், கூரை இடுக்குகளை அடைத்தல், காற்றுத் துவாரங்களுக்கு நுண்ணிய உலோக வலை இடுதல், சுவரோரத்து விறகையும் செடிகளையும் அகற்றுதல், காப்புறுதித் தொகையைச் சரிபார்த்தல் என்பன அவை. இவை, வீட்டார் அங்கில்லாத வேளையிலும் வீடு தப்புவதற்கான வழிகள்.

வீட்டை விட்டு வெளியேறுதல் எத்தகையது என்பதை 1995 இல் வலிகாமத்திலிருந்து நடந்தவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அதனால்தான் நம்மவர்கள் கடைசிவரை தயங்குவார்களோ என்று அஞ்சுகிறேன். கறுப்புச் சனியன்று பலர் புகையைக் கண்ட பின்னரே சிந்திக்கத் தொடங்கினர். எந்த எச்சரிக்கை வந்தால் புறப்படுவது, எவ்வழியால் செல்வது, முதியோரை யார் ஏற்றிச் செல்வது என்பதையெல்லாம் கோடைக்கு முன்பே வீட்டார் கூடித் தீர்மானித்துக்கொள்ளலாம். உச்சப்படி அறிவிக்கப்பட்டால், முதல்நாள் இரவோ அன்று அதிகாலையோ, வானம் தெளிவாக இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும்.