லாங்டன் தொட்டிப்பாலம்: கல்லிலிருந்து வார்ப்பிரும்புக்கு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், லாங்டன்-ஆன்-டெர்ன் என்னும் சிற்றூரை ஒட்டிய வயல்வெளியில், டெர்ன் ஆற்றின் குறுக்கே ஒரு பழைய வார்ப்பிரும்புத் தொட்டிப்பாலம் நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 57 மீட்டர். வேல்ஸிலுள்ள புகழ்பெற்ற பொன்ட்கசுல்தே தொட்டிப்பாலத்துக்கு இது ஒத்திகை என்று சொல்லி ஒரு வரியில் கடந்துவிடுவது பலரின் வழக்கம். அந்த மதிப்பீடு போதாது.

1761-இல் ஜேம்ஸ் பிரிண்ட்லி பார்ட்டனில் இர்வெல் ஆற்றின்மேல் கால்வாயைக் கொண்டு சென்றது முதல், இங்கிலாந்தில் தொட்டிப்பாலம் என்றால் கல்லும் செங்கல்லும்தான். நீர் கசியாதிருக்கக் குழைத்த களிமண்ணைத் தடிமனாக மெத்த வேண்டும். ஈரக் களிமண் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும், சுவர்கள் பருக்கும், அந்தப் பாரத்தைத் தாங்க வளைவுகளும் தூண்களும் பருக்கும். தாழ்ந்த கரைகளுடைய ஆற்றில் அத்தகைய கட்டுமானம் வெள்ளத்துக்கு அணைபோலக் குறுக்கே நிற்கும்.

1793-இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற ஷ்ரூஸ்பரி கால்வாய்க்காக ஜோசையா குளோஸ் லாங்டனில் தொடங்கிய கற்பாலத்துக்கு நேர்ந்தது இதுதான். 1795 பிப்ரவரி வெள்ளம் அதை அடித்துச் சென்றது. குளோஸ் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடைய இடத்துக்குத் தாமஸ் டெல்ஃபோர்ட் வந்தார். அதே வெள்ளத்தில் செவர்ன் ஆற்றின் பில்ட்வாஸ் கற்பாலமும் விழுந்தது. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே, 1779-இல் நிறுவிய இரும்புப் பாலம் சேதமின்றி நின்றது. இரும்பை நாட இதைவிட வலுவான சான்று கால்வாய்க் குழுவினருக்குத் தேவைப்பட்டிருக்காது.

யோசனை யாருடையது? 1795 மார்ச்சில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இரும்புத் தொட்டிப்பாலத்தைத் தாமே பரிந்துரைத்ததாக டெல்ஃபோர்ட் கூறுகிறார். 1803-இல் வெளியான ஷ்ராப்ஷயர் வேளாண்மை பற்றிய நூலுக்கு எழுதிய பகுதியிலோ, கால்வாய்க் குழுத் தலைவர் தாமஸ் ஐட்டனே அதை முன்மொழிந்தார் என்கிறார். நூலில் உள்ள கூற்றையே நான் நம்புகிறேன். பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து அச்சில் எழுதுபவருக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. தகடுகளை வார்த்துத் தந்த கெட்லி ஆலையின் உரிமையாளர் வில்லியம் ரெனால்ட்ஸின் பங்கும் பெரிது. இரும்புத் தொழிலை நன்கறிந்த அவர், அந்தக் கால்வாயில் நேரடி அக்கறை கொண்டவரும்கூட.

குளோஸ் விட்டுச்சென்ற கரைத்தாங்கிகள் இரு முனையிலும் அப்படியே பயன்பட்டன. நடுவே பருத்த தூண்களுக்குப் பதில் மெலிந்த இரும்புக் கால்களும் சாய்தாங்கிகளும் நின்றன; வெள்ளம் தடையின்றிப் போக வழி கிடைத்தது. போல்ட்டால் இணைத்த தகடுகளே நீரைத் தாங்கியதால் களிமண் தேவைப்படவில்லை. ஆனால் பக்கத் தகடுகள் வளைவுக்கற்களைப் போல ஆப்பு வடிவில் வார்க்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் மாறிய பின்பும் கற்கொத்தரின் சிந்தனை முழுதும் மாறவில்லை. தொட்டியின் அகலம் 2.3 மீட்டர், குதிரைகளுக்கான நடைபாதை அதன் ஒரு பக்கத்தில் தாழ்வாக ஒட்டியிருந்தது. இந்தக் குறுகிய தொட்டியில் படகு முன்னேறும்போது பக்கத்து நீர் விலக இடம் போதாது. குதிரையின் இழுவை கூடும்.

முதல் இரும்புத் தொட்டிப்பாலம் என்ற பட்டம் இதற்கு உரியதன்று. பெஞ்சமின் அவுட்ராம் டார்பி கால்வாயில் அமைத்த, ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள ஹோம்ஸ் தொட்டிப்பாலம் 1796-இல் சற்று முந்திக்கொண்டது. இன்று அது இல்லை.

பொன்ட்கசுல்தேக்கு இரும்பைப் பயன்படுத்தும் முடிவு 1795-லேயே, லாங்டன் தொட்டியில் நீர் நிரம்புமுன்பே எடுக்கப்பட்டது. ஆகவே 'ஒத்திகை' என்ற சொல் காலக்கணக்கில் பொருந்தாது. லாங்டன் கற்பித்தது விவரங்களில் தெரிகிறது. 1805-இல் திறக்கப்பட்ட பொன்ட்கசுல்தேயில் தொட்டியை அகலமாக்கி, நடைபாதையை நீருக்கு மேலேயே அமைத்தனர். படகு விலக்கும் நீர் பாதைக்கு அடியில் பாய இடம் கிடைத்தது.

ஷ்ரூஸ்பரி கால்வாய் 1944-இல் கைவிடப்பட்டது. லாங்டனின் தொட்டி வறண்டுவிட்டது. ஆயினும் வார்ப்பிரும்புத் தொட்டிப்பாலங்களின் வரலாறு எழுதுவோர் ஓர் அடிக்குறிப்பை அல்ல, ஒரு முழு இயலை இதற்குத் தர வேண்டும்.