மின்வண்டியும் நிலக்கரிப் புகையும்

1897ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இலண்டன் வீதிகளிற் புதுவகை வாடகை வண்டிகள் சில தோன்றின. வோல்ற்றர் பேர்சி என்பார் அமைத்த அவ்வண்டிகளை இழுக்கக் குதிரை வேண்டியதில்லை. ஈய மின்கலவடுக்கே அவற்றை இயக்கிற்று. சாணமும் புகையுமின்றி அவை ஓடின. ஆயினும் மின்கலங்களின் பாரத்தால் இறப்பர்ச் சக்கரங்கள் விரைவிற் தேய்ந்தன, செலவு மிகுந்தது. 1899இல் அவ்வண்டிகள் மறைந்தன.

அவை உண்மையிற் புகையற்றனவா? அன்று இலண்டனுக்கு மின் வழங்கிய நிலையங்கள் நிலக்கரியையே எரித்தன. ஆதலின் புகை வீதியினின்று நிலையத்துக்கு இடம்மாறியதேயன்றி ஒழிந்திலது.

நூறாண்டு கழித்து, 1997இல், யப்பானில் ரொயோட்டா பிரியஸ் வெளிவந்தது. பெற்றோலை எரிப்பினும், வேகத்தைத் தணிக்கும்போது வீணாகும் சத்தியை மின்னாக மீட்டு, எரிபொருட் செலவை அது குறைத்தது. இத்தகைய சிக்கன வண்டியோடு ஒப்பிடுங்கால், முழு மின்வண்டி கடன்பட்டே வீதிக்கு வருகின்றது. அதன் பெரிய மின்கலவடுக்கை ஆக்கும்போது காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளிப்படுகின்றது. நிலக்கரி மின்னால் ஓடின் அக்கடன் தீர நெடுங்காலம் செல்லும். சிலவிடத்துத் தீராமலும் போகும். நீர், காற்று, ஞாயிறு, அணு என்பவை தரும் மின்னால் ஓடின் சில ஆண்டுகளிற் தீரும்.

பேர்சியின் நாட்டில் இறுதி நிலக்கரி மின்னிலையம் 2024 செப்ரெம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. அவர் காலத்திற் பெயரளவில் நின்ற தூய்மை இன்று அங்கே பெரிதும் மெய்யாகி வருகின்றது. எனவே மின்வண்டியின் தூய்மையை அளப்போர், அதற்கு மின் கொணரும் கம்பியின் மறுமுனையையே முதலில் நோக்குதல் வேண்டும்.