ஆக்கியோன் பெயர்: ஓர் இசைக்குழுவின் தோழமையும் உடைமையும்

கலைஞர் கூட்டங்கள் குலைவதற்குக் காரணங் கூறுமிடத்துப் பெரும்பாலோர் மனித சுபாவத்தையே சாட்டுவர். அகந்தை, பொறாமை, போதை என்று பட்டியல் நீளும். இவை இல்லையென நாம் கூறவில்லை. ஆயின் அகந்தை எல்லாரிடத்தும் உண்டு. அது ஒருவனை மேலேற்றவும் இன்னொருவனைக் கீழிறக்கவும் வல்ல ஆயுதமாவது எப்போது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கலையாது நிற்கும் ஆங்கில றொக் இசைக்குழுவான றோலிங் ஸ்ரோன்ஸின் கதை இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. அவ்விசையை வெற்றிரைச்சல் எனத் தள்ளும் வாசகர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். பாட்டின் சுவையன்று நமது விசாரணை. பாட்டு யாருடையது என்பதே.

1962ஆம் ஆண்டில் இக்குழுவைக் கூட்டியவர் பிறையன் ஜோன்ஸ் என்னும் இளைஞர். செல்ற்றனம் நகரத்து விமானப் பொறியியலாளர் ஒருவரின் மகன். இசைப் பத்திரிகையொன்றில் அவர் இட்ட விளம்பரத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர், இரசாயனக் கம்பனியொன்றில் எழுதுவினைஞராயிருந்த பியானோக் கலைஞர் இயன் ஸ்ரூவேட். அடுத்து வந்தோர் மிக் ஜாகரும் கீத் றிச்சார்ட்ஸும். டாட்போட் என்னும் ஊரில் ஒரே ஆரம்பப் பாடசாலையில் படித்துப் பிரிந்த இவ்விருவரும், 1961 ஒக்ரோபரில் அவ்வூர்ப் புகையிரத நிலையத்தில் மீண்டும் சந்தித்தனர். ஜாகரின் கையில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரான சக் பெரி, மடி வோற்றேர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகள் இருந்தன; அவையே உறவைப் புதுப்பித்தன. ஜாகர் உடற்பயிற்சி ஆசிரியரின் மகன். இலண்டன் பொருளியற் கல்லூரி மாணவர். றிச்சார்ட்ஸ் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். குழுவுக்குப் பெயரிட்டவரும் ஜோன்ஸே. மடி வோற்றேர்ஸின் பாடலொன்றிலிருந்து அதனை எடுத்தார். பின்னர் பேஸ் கிற்றார் வாசிக்கும் பில் வைமனும், ட்றம்ஸ் வாசிக்கும் சார்லி வாற்ஸும் வந்து சேர, 1963 தொடக்கத்தில் அறுவர் கூடினர்.

அக்குளிர்காலத்தில் ஜோன்ஸ், ஜாகர், றிச்சார்ட்ஸ் மூவரும் இலண்டனில் ஈடித் குறோவ் என்னும் தெருவில் பாழடைந்த வீடொன்றில் ஒன்றாக வாழ்ந்தனர். உணவும் கம்பளியும் பொது, இசைத்தட்டுகளும் பொது. ஜோன்ஸும் றிச்சார்ட்ஸும் நாள் முழுதும் கிற்றாரோடு அமர்ந்து, ஒருவர் எங்கே முடிக்கிறார் மற்றவர் எங்கே தொடங்குகிறார் என்று கேட்போர் பிரித்தறிய இயலாவாறு வாசிக்கப் பழகினர். கூட்டாக ஆக்கிய பாடல்களுக்கு அவர்கள் இட்ட கற்பனைப் பெயர் நாங்கர் பெல்ஜ். அதன் பிற்பாதி உடனிருந்த நண்பரொருவரின் குடும்பப் பெயர். வேடிக்கைப் பெயர்தான்; எனினும் ஐவருக்கும் உரிமை பகிர்ந்தளித்த பெயர் அது ஒன்றே என்பதை மறத்தலாகாது.

இச்சமத்துவத்தில் முதலாவது விரிசலை உண்டாக்கியது வியாபாரம். 1963 வசந்தத்தில் பத்தொன்பது வயதினரான அன்ட்ரூ ஓல்டம் முகாமையாளரானார். மேடைக்கு ஆறு முகங்கள் அதிகம் என்றும், ஸ்ரூவேட்டின் தோற்றம் இளம் இரசிகைகளைக் கவராது என்றும் அவர் கருதினார். முதலில் வந்தவர் முதலில் வெளியேற்றப்பட்டார். அதனை ஜோன்ஸும் தடுக்கவில்லை. ஸ்ரூவேட்டோ போகவில்லை, வாத்தியங்களை வண்டியில் ஏற்றி இறக்கியும், பதிவுக்கூடத்தில் பியானோ வாசித்தும், 1985இல் இறக்கும்வரை அவர்களோடேயே இருந்தார். தலைவர் என்ற முறையில் ஜோன்ஸ் மற்றவர் அறியாமல் வாரம் ஐந்து பவுண் மேலதிகமாகப் பெற்றுவந்ததும் இக்காலத்திலேயே என்பர். செய்தி வெளிப்பட்டபோது ஐந்து பவுணிலும் பெரிய நட்டம் அவருக்கு ஏற்பட்டது.

ஆனால் குழுவின் அமைப்பையே மாற்றியது வேறொன்று. இசைத்தட்டு விற்றால் வாசித்தோருக்கு ஒரு பங்கு. பாடலை ஆக்கியவருக்கோ தனியானதொரு பங்கு. தட்டு விற்குந்தோறும், வானொலி ஒலிபரப்புந்தோறும், வேறெவராயினும் எடுத்துப் பாடுந்தோறும் அது வந்துகொண்டேயிருக்கும். சொல்லும் மெட்டும் ஆக்கியோனின் சொத்து. அம்மெட்டுக்கு உயிரூட்டும் வாத்திய அணிகள், வேறு உடன்பாடில்லையேல், கூலிவேலை. நமது பாயிர இலக்கணமும் ஆக்கியோன் பெயரைக் கூறவேண்டுமென விதித்தது. ஆயின் அதனைக் காசாக்கும் வழியை அவ்விலக்கணகாரர் அறியார்! ஓல்டம் அறிந்திருந்தார். பிறர் பாடல்களையே பாடிக்கொண்டிருந்தால் வருவாய் பிறருக்கே போகும் எனக் கண்டு, ஜாகரையும் றிச்சார்ட்ஸையும் பாடல் புனையுமாறு நெருக்கினார். ஜோன்ஸை அவர் தேர்ந்தெடுக்கவில்லை; ஜோன்ஸுக்கும் பாடல் புனையும் ஆற்றல் கைகூடியதாகத் தெரியவில்லை. 1965இல் வெளிவந்த ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 1966இன் ‘ஆஃப்ரர்மாத்’ தட்டில் எல்லாப் பாடல்களும் ஜாகர்–றிச்சார்ட்ஸ் பெயரிலேயே வந்தன. நாங்கர் பெல்ஜ் அதற்குள் மறைந்துபோயிற்று.

அதே காலத்து ஒலிப்பதிவுகளைக் கேட்டால் ஜோன்ஸின் கையை எங்கும் உணரலாம். ‘பெயின்ற் இற் பிளாக்’கில் சித்தார், ‘அண்டர் மை தம்’மில் மரிம்பா, ‘ரூபி ரியூஸ்டே’யில் புல்லாங்குழல் போன்ற றெக்கோடர், இவற்றை நீக்கிவிட்டால் அப்பாடல்களின் முகமே மாறிவிடும். ஆக்கியோன் வரிசையில் அவர் பெயரில்லை. குழுவைக் கூட்டியவர் குழுவிற் கூலிக்காரராயினார். போதையும் வழக்குகளும் அவரைச் சிதைத்தன. பெண்களிடத்து அவர் கொடுமையாக நடந்துகொண்டதும் மறைக்கத்தக்கதன்று. அவரைத் தியாகியாக்க நாம் முனையவில்லை. எனினும் போதை றிச்சார்ட்ஸையும்தான் பீடித்தது. 1977இல் ரொறன்ரோ நகரில் அவர் கைதானபோது குழுவே முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். அவர் வெளியேற்றப்படவில்லை. ஆக்கியோன் பெயரிற் பாதியை எவ்வாறு வெளியேற்றுவது? 1969 ஜூன் 8ஆம் நாள் ஜாகர், றிச்சார்ட்ஸ், வாற்ஸ் மூவரும் ஜோன்ஸின் வீட்டுக்குச் சென்று, அவருக்கு இனிக் குழுவில் இடமில்லை என்று தெரிவித்தனர். ஜூலை 3ஆம் நாள் அவர் தமது நீச்சல் தடாகத்தில் இறந்து கிடந்தார். வயது இருபத்தேழு.

அவரிடத்துக்கு வந்த மிக் ரெயிலர் சிறந்த கிற்றார்க் கலைஞர். தாம் பங்களித்த பாடல்களில் தமது பெயரும் இடம்பெறும் என எதிர்பார்த்தார். ‘வென்ரிலேற்றர் புளூஸ்’ ஒன்றில் மட்டுமே அது இடம்பெற்றது. 1974 முடிவில் விலகிவிட்டார். ‘ஜம்பின் ஜாக் பிளாஷ்’ பாடலின் அடிநாதமான சுரக்கோவையைத் தாமே முதலில் வாசித்ததாக வைமன் எழுதியுள்ளார். பாடல் இருவர் பெயரிலேயே நிற்கிறது.

இவ்விருவர்தாமும் முழு உடைமையாளராய் இருந்தனரோ எனில், அதுவுமில்லை. 1965இல் நிருவாகத்தைக் கையேற்ற அமெரிக்கக் கணக்காளர் அலன் கிளைன், 1971க்கு முந்திய பாடல்களின் உரிமையைத் தம் கம்பனி வசமாக்கிக்கொண்டார். ‘த லாஸ்ற் ரைம்’ என்ற பாடலின் கதை இதற்குத் தக்க சான்று. ஸ்ரேப்பிள் சிங்கேர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பத்தார் பாடிப் பதிந்திருந்த தேவாலயப் பாடலொன்றைத் தழுவி அது புனையப்பட்டதை றிச்சார்ட்ஸே ஒப்புக்கொண்டுள்ளார். ஆயினும் பெயர் ஜாகர்–றிச்சார்ட்ஸ். அதன் வாத்தியவடிவத்தின் சிறு பகுதியை 1997இல் வேர்வ் என்னும் இளங்குழு எடுத்தாண்டபோது, கிளைனின் கம்பனி அப்புதிய பாடலின் உரிமையையே கைப்பற்றியது. அதுவும் ஜாகர்–றிச்சார்ட்ஸ் பெயருக்கு வந்தது. 2019இல் இருவரும் அப்பெயரை உரியவரான றிச்சட் ஆஷ்குறொஃப்டுக்கே விட்டுக்கொடுத்தனர். ஸ்ரேப்பிள் குடும்பத்தாரை எவரும் அழைக்கவில்லை.

1980களில் உடைமையாளர் இருவரும் தமக்குள் மோதினர். றிச்சார்ட்ஸ் போதையில் மூழ்கியிருந்த காலத்தில் நிருவாகச் சுமை முழுதும் ஜாகரிடம் வீழ்ந்தது. றிச்சார்ட்ஸ் தெளிந்து வந்து தம் பங்கைக் கேட்டபோது ஜாகர் கொடுக்க மனங்கொள்ளவில்லை. ஜாகர் தனியே இசைத்தட்டு வெளியிட்டார். 1986இல் குழுவோடு சுற்றுலாச் செல்ல மறுத்தார். இப்பூசலின் நடுவே நிகழ்ந்ததொன்றை றிச்சார்ட்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறுகிறார். 1984இல் அம்ஸ்ரடாமில் ஓரிரவு ஜாகர் தொலைபேசியில், தமது ட்றம்ஸ்காரர் எங்கே என வாற்ஸை அழைத்தாராம். பாரவண்டிச் சாரதியின் மகனான வாற்ஸ் அவசரப்படவில்லை. எழுந்து, முகம் மழித்து, நல்ல உடை அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி இறங்கி வந்து, ஜாகரை ஓங்கி அறைந்தார். தாம் எவருடைய ட்றம்ஸ்காரரும் அல்லர் என்பதே அவர் சொன்னதன் கருத்து. இவ்வரலாறு முழுவதிலும் நமக்கு மிக உவப்பான செயல் இதுவே.

1989இல் சமாதானம் ஏற்பட்டது. பழைய நேசம் ஒருபுறமிருக்க, தனித்தனிப் பெயர்களால் ஈட்டவியலாததைப் பொதுப்பெயர் ஈட்டும் என்பதையும் இருவரும் அறிந்தேயிருந்தனர். 1975இல் வந்த றொனி வூட், 1990களின் தொடக்கம் வரை சம்பளக்காரராகவே வைக்கப்பட்டிருந்து, வாற்ஸும் வைமனும் அவருக்காகப் பேசிய பின்னரே பங்காளியானார். 1993இல் வைமன் விலகினார்; அவரிடத்தில் வாசிக்கும் டரில் ஜோன்ஸ் பங்காளியாக்கப்படவேயில்லை.

வாற்ஸ் 2021 ஓகஸ்ற் 24இல் காலமானார். 2023இல் வெளிவந்த ‘ஹக்னி டயமண்ட்ஸ்’ தட்டின் ஒரு பாடலில், அவர் முன்னரே பதிந்துவைத்த ட்றம்ஸுடன், முப்பது ஆண்டுகளுக்குப் பின் வைமன் வந்து பேஸ் கிற்றார் வாசித்திருக்கிறார். ஆக்கியோர்: ஜாகர், றிச்சார்ட்ஸ்.