சட்டப் படிப்பில் 55% மார்க்... வெளிநாட்டில் எல்.எல்.எம். சீட் கிடைக்குமா?

சட்டப் படிப்பில் 55 அல்லது 58 சதவீதம். கல்லூரியும் பெரிய பெயர் பெற்றதல்ல. "இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு லண்டனா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். உண்மையில், எல்.எல்.எம். சீட் வாங்குவது நினைப்பதைவிடச் சுலபம்தான். மார்க் குறைவு பலமாக அடிக்கும் இடம் ஸ்காலர்ஷிப்.

எங்கே கதவு மூடும்?

கேம்பிரிட்ஜின் எல்.எல்.எம்., ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். இரண்டுமே முதல் வகுப்புத் தரம் கேட்பவை. 55 சதவீதத்துடன் அங்கே விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண். மற்ற பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 'அப்பர் செகண்ட் கிளாஸ்' கேட்கும். சில 'லோயர் செகண்ட்' இருந்தாலே சேர்த்துக்கொள்ளும். இந்திய மார்க்கில் அது எவ்வளவு என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. ஒரு இடத்தில் 60, இன்னொரு இடத்தில் 55. நீங்கள் படித்த கல்லூரியைப் பொறுத்துகூட கட்-ஆஃப் மாறலாம். இணையதளத்தில் இந்திய மாணவர்களுக்கான பக்கத்தைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் பெரும்பாலான எல்.எல்.எம். படிப்புகளுக்கு எல்சாட் தேர்வு தேவையில்லை. மார்க்கோடு அனுபவம், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள்.

குறைந்த மார்க்கை எப்படி விளக்குவது?

நம்மூர் சட்டப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் 60-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். இது வெளிநாட்டு அட்மிஷன் அலுவலகத்துக்குத் தெரியாமல் போகலாம். வகுப்பில் நீங்கள் எத்தனையாவது இடம் என்று கல்லூரியிடம் கடிதம் வாங்கி இணைத்தால், 58-க்கு அர்த்தமே மாறிவிடும். கேட்டதும் கிடைக்காது, நாலு தடவை நடக்க வைப்பார்கள். ஆனாலும் வாங்கிவிடுங்கள்.

முதல் வருடம் 48, கடைசி வருடம் 63 என்றால் அந்த ஏற்றத்தை நோக்க அறிக்கையில் இரண்டே வரியில் சொன்னால் போதும். உடல்நிலை, குடும்பச் சூழல் காரணம் என்றால் ஆதாரத்துடன் சுருக்கமாகச் சொல்லலாம். பக்கம் பக்கமாகப் புலம்பினால் எடுபடாது. மீதி இடத்தை வேலைக்கு ஒதுக்குங்கள்: எந்த வகை வழக்குகள், என்ன வரைவுகள், அதிலிருந்து எந்தப் பாடத்தைப் படிக்கத் தோன்றியது. இரண்டு மூன்று ஆண்டு கோர்ட் அனுபவம் இருப்பவருக்கு இது பெரிய பலம். உங்கள் வேலையை நேரில் பார்த்த சீனியர் எழுதும் கடிதம், பெயர் மட்டும் பெரிதாக இருப்பவரின் கடிதத்தைவிட மேல்.

பணத்துக்கு என்ன வழி?

சிக்கல் இங்கேதான். லண்டனில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் 30 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவத்தோடு 'அப்பர் செகண்ட்' தரமும் கேட்கிறார்கள். எஸ்.சி. மாணவர்கள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்புக்கு 60 சதவீதம் கட்டாயம். அதாவது 57 மார்க்குக்கு சீட் வரும், உதவித்தொகை வராது. மிச்சம் இருப்பது கல்விக் கடன். அதை எப்படி அடைப்பது என்ற கணக்கு இல்லாமல் கையெழுத்து போடக் கூடாது.

படித்து முடித்தால் அங்கே வக்கீலா?

இல்லை. எல்.எல்.எம். முடித்தால் மட்டும் இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக முடியாது. அதற்கு 2021-ல் அறிமுகமான எஸ்.க்யூ.இ. தேர்வு இருக்கிறது, அதை எழுத எல்.எல்.எம். தேவையே இல்லை. படிப்புக்குப் பின் வேலை தேட உதவும் கிராஜுவேட் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

நியூயார்க் பார் தேர்வு கதை வேறு. இந்தியச் சட்டப் பட்டத்தில் காலம் அல்லது பாடத்திட்டம், இரண்டில் ஒன்று குறைந்தால், குறைந்தது 24 கிரெடிட் கொண்ட எல்.எல்.எம். அதைச் சரிக்கட்டும். குறை இல்லையென்றால் எல்.எல்.எம். இல்லாமலே எழுத வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் அங்குள்ள தேர்வு வாரியத்திடம் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புவது லட்சங்களை மிச்சப்படுத்தலாம்.

ஊர் திரும்பி சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 2020 முதுநிலைக் கல்வி விதிகள், ஓராண்டு வெளிநாட்டு எல்.எல்.எம்.மை இந்தியப் பட்டத்துக்கு நேரடியாக நிகராக ஏற்கவில்லை. இந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. இப்போதைய நிலையைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

ஏஜென்ட் தேவையா?

'ஃப்ரீ கன்சல்டேஷன்' என்பவர்களில் பலருக்கு மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கமிஷன் தராத நல்ல இடங்களின் பெயர் அவர்கள் பட்டியலில் வராமலே போகலாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், நீங்களே செய்யலாம். "மார்க் ஷீட்டைக் கொஞ்சம் சரிபண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் என்று பிடிபட்டால் பிரிட்டன் விசா 10 ஆண்டுகளுக்கு மறுக்கப்படலாம்.