தாகம் தீர்த்த படிக்கிணறுகள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனது அருட்கொடைகளுள் தண்ணீரின் அருமையை, அடிக்கடி வறட்சி காணும் நமது தர்மபுரி மாவட்டத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம்மைப் போன்றே வறண்ட பூமியில் வாழ்ந்த முன்னோர் நீருக்காகச் செய்த ஓர் ஏற்பாட்டை இங்கே நினைவுகூர விழைகின்றோம்.

குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் மழை சில மாதங்களே பெய்யும்; கோடையில் நிலத்தடி நீர் வெகு ஆழத்திற்கு இறங்கிவிடும். ஆகவே, நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் மனிதன் நடந்துசென்று மொண்டுகொள்ளும்படி, தரையிலிருந்தே படிகள் அமைத்துக் கிணறுகளைக் கட்டினர். இவற்றைக் குஜராத்தில் 'வாவ்' என்றும், டில்லியில் 'பாவ்லி' என்றும் அழைப்பர். நமது தமிழகத்திலும், திருச்சிக்கு அருகிலுள்ள திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பார் வெட்டுவித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு, நான்கு புறமும் படிகளுடன் சுமார் 1200 ஆண்டுகளாக நிலைத்துள்ளது.

அகமதாபாத் நகரின் அசார்வா பகுதியிலுள்ள தாதா ஹரீர் வாவ் நமது சிந்தனைக்கு மிகவும் உரியது. சுல்தான் மஹ்மூத் பேகடாவின் அரண்மனையில் பொறுப்பு வகித்த பாயி ஹரீர் என்னும் பெண்மணி 1499-ஆம் ஆண்டில் இதனைக் கட்டுவித்தார். பூமிக்குள் ஐந்து அடுக்குகளாக இறங்கும் இதன் கல் தூண்களும் உத்தரங்களும் பக்கச் சுவர்கள் சரியாமல் தாங்குகின்றன. அவற்றின் நிழலில் வழிப்போக்கர் களைப்பாறினர். அருகிலேயே பள்ளிவாசலும் உண்டு. இங்குள்ள கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று அரபியிலும் மற்றொன்று சமஸ்கிருதத்திலும் அமைந்தவை. நாற்றிசையிலிருந்தும் தாகத்துடன் வரும் மனிதர், விலங்கு, பறவை, மரம் ஆகிய அனைத்திற்குமே இந்நீர் என்பது சமஸ்கிருதக் கல்வெட்டின் கருத்து. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃப் செய்த ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வழியன்றோ இது!

படிக்கிணற்றில் நீர் குறையக் குறைய, இறங்கும் படிகள் கூடும்; ஊரார் கண்டு எச்சரிக்கை அடைவர். நமது ஆழ்துளைக் கிணறுகளிலோ, மோட்டார் வெறும் காற்றை இழுக்கும் நாளில்தான் உண்மை விளங்குகிறது.

ஓடும் ஆற்றருகே உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நாமோ குழாயைத் திறந்துவிட்டு உரையாடுகின்றோம். பள்ளிவாசல் மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடைக்கு விடாமல் பூமிக்குள் இறக்குவதும், பழைய கிணறுகளைக் குப்பைக்குழியாக்காமல் தூர்வாரிக் காப்பதும் நமக்குரிய ஸதகத்துல் ஜாரியாவாகும். நாம் மறைந்த பின்னரும் பிறர் பருகும் ஒவ்வொரு மிடறும் நமது நன்மை ஏட்டில் சேரும்.

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.