டிரில் மெஷின் ரெடி... டெஸ்டர் எங்கே பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு வீடியோ பார்த்தாச்சு. ஆன்லைனில் ஆர்டர் போட்ட டிரில் மெஷினும் வந்தாச்சு. 'ஒரு ஷெல்ஃப் மாட்டுறதுக்கு எதுக்கு ஆளு?' என்று நீங்களே களத்தில் இறங்குகிறீர்கள். மதியத்துக்குள் ஷெல்ஃப் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், சுவரில் தேவையில்லாத இரண்டு ஓட்டைகள் இருக்கும். பெரிய மெஷினை வாங்கும் ஆர்வத்தில் நாம் மறந்துவிடும் சின்னச் சின்னப் பொருள்கள்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

டெஸ்டர்

இதை மறந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்விட்ச் பாக்ஸில் இருந்து வயர் பைப் பெரும்பாலும் நேர் மேலே அல்லது நேர் கீழே போகும். சில வீடுகளில் பக்கவாட்டிலும் போகும். அதனால் ஸ்விட்ச், பிளக் பாயின்டுகளுக்கு நேர்கோட்டில் ஓட்டை போடவே போடாதீங்க.

அந்த அறையின் எம்.சி.பி-யை ஆஃப் செய்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையில் இருந்து கரன்ட் எடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இன்வெர்ட்டரில்தான். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 'மெயின் ஆஃப்தானே' என்று ஃபேன், லைட் வயரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் பாயின்டில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள்.

ரசமட்டம்

கண்ணளவை நம்பினால் ஷெல்ஃப் சாயும். கொத்தனார்கள் கையில் எப்போதும் இருக்கும் ரசமட்டம் வாங்க முடியவில்லையா? போனில் லெவல் ஆப் இருந்தால் சின்ன வேலைக்கு அதுவே போதும். கூடவே ஒரு பென்சிலும் இஞ்ச் டேப்பும். இரண்டு முறை அளந்து மார்க் செய்த பிறகு மெஷினை ஆன் பண்ணுங்க.

சரியான பிட், பிளக்

6 மி.மீ பிளாஸ்டிக் பிளக்குக்கு 6 மி.மீ பிட். பெரிய பிட் போட்டால் பிளக் லொடலொடவென்று ஆடும், ஸ்க்ரூ பிடிக்காது. பூச்சு மட்டும் எடை தாங்காது; ஓட்டை செங்கல் வரை போக வேண்டும். எவ்வளவு ஆழம் என்று பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். ஓட்டைக்குக் கீழே பழைய காலண்டர் தாளை மடித்து ஒட்டினால் தூசி அதில் விழும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் மறக்காதீங்க.

டெஃப்லான் டேப்

பழைய குழாயைக் கழற்றிய பிறகுதான் பலருக்கு கேட் வால்வு ஞாபகம் வரும். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் முழுக்க பாத்ரூமில்! வால்வை மூடி, குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றதா என்று பார்த்த பிறகே கழற்றுங்கள். பல வருஷம் தொடாத வால்வு முழுசாக மூடாமலும் போகலாம். புதுக் குழாயின் மரை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பைச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால், முறுக்கும்போதே டேப் உருண்டு வந்துவிடும்.

ஏணி

ஸ்டூல் மேல் நாற்காலி போடும் சாகசம் வேண்டாம். ஏணியை நகர்த்தும் முன், உச்சியில் சுத்தியலை வைத்துவிட்டீர்களா என்று அண்ணாந்து பாருங்கள். தலையில் விழுந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

தூணிலும் பீமிலும் கைவைப்பது, ஈரம் ஊறும் சுவரில் வயரிங், கருகிய வயர் இவையெல்லாம் நம் வேலையே இல்லை. எலெக்ட்ரீஷியனையோ இன்ஜினீயரையோ கூப்பிடுங்கள்.

மற்றதெல்லாம் நீங்களே செய்யலாம். டெஸ்டர், ரசமட்டம், இஞ்ச் டேப், பென்சில், பிட், பிளக், டெஃப்லான் டேப், கண்ணாடி, மாஸ்க், ஏணி... இந்த லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த ஞாயிறு மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி, எல்லாம் பக்கத்துல இருக்கான்னு ஒருமுறை பாருங்க!