ரப்பர் குண்டு: ஒரு பெயரும் அதன் காயங்களும்

சில நாள்களுக்கு முன்பு, வகுப்பு முடிந்து வெளியேறிய நம்மிடம் மாணவர் ஒருவர் செய்தித்தாளை நீட்டினார். கலைந்து செல்ல மறுத்த கூட்டத்தின் மீது "உயிருக்கு ஊறு விளைவிக்காத ஆயுதம்" பயன்படுத்தப்பட்டதாக அதில் அச்சாகியிருந்தது. "ஊறு விளைவிக்காது என்றால் அதற்கு ஆயுதம் என்று பெயர் ஏன் ஐயா?" என்று கேட்டார் அவர். சொல்லாராய்ச்சி செய்யும் நம்மைப் போன்றோர் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது! விடை தேடப் புகுந்தபோது நாம் சென்று சேர்ந்த இடம் வட அயர்லாந்து.

ரப்பர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பென்சில் எழுத்தை அழிக்கும் துண்டும் சிறுவர் எறிந்து விளையாடும் பந்தும்தாம். குண்டு என்ற சொல்லின் முன் அதைச் சேர்த்தவுடன் குண்டின் கொடுமை பாதி குறைந்துவிடுகிறது. ஆனால் 1970இல் பிரித்தானியப் படையினர் பெல்பாஸ்ட், டெர்ரி நகரத் தெருக்களில் சுடத் தொடங்கிய ரப்பர் குண்டு, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் 37 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட கெட்டியான உருளை. எடை 140 கிராமுக்கு மேல்.

இதன் மூதாதை ஹாங்காங்கில் பிறந்தது. அங்கிருந்த காலனியக் காவல்துறை, கூட்டத்தைக் கலைக்க மரத்தாலான குண்டுகளைக் கையாண்டது. தரையில் சுட்டால் எகிறிச் சென்று கால்களைத் தாக்கும் என்பது கணக்கு. மரம் சிலாம்புகளாகச் சிதறக்கூடும் என்பதால், அயர்லாந்துக்கு வந்தபோது அது ரப்பராக மாறியது. தரையில் சுட வேண்டும் என்ற விதி மட்டும் கூடவே வந்தது. ஆனால் விதி ஏட்டில் இருந்தது. துப்பாக்கியோ சினத்திலும் அச்சத்திலும் இருந்த படைவீரன் கையில் இருந்தது. மேலும் இந்த உருளை, அம்பு போல நேராகச் செல்வதன்று. காற்றில் புரண்டு புரண்டு செல்வது. யார் மீது, எந்த உறுப்பில் படும் என்பதைச் சுட்டவரே அறியார்.

1971 நவம்பர் 4ஆம் நாள். பெல்பாஸ்ட் நகரில் எம்மா குரோவ்ஸ் என்னும் பெண்மணி, பதினொரு பிள்ளைகளின் தாய், தம் வீட்டுக்குள் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். தெருவில் படையினரின் சோதனை நடந்துகொண்டிருந்தது. சில கெச தூரத்திலிருந்து சுடப்பட்ட ரப்பர் குண்டு சன்னலைத் துளைத்து அவர் முகத்தில் பாய்ந்தது. இரு கண்களும் போயின. ஆறு மாதம் கழித்து, 1972 மே 4 அன்று, டெர்ரியில் பள்ளி விட்டு வீடு திரும்பிய ரிச்சர்ட் மூர் என்ற பத்து வயதுச் சிறுவனுக்கும் அதே கதி நேர்ந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஏப்ரலில், பிரான்சிஸ் ரௌண்ட்ரீ என்ற 11 வயதுச் சிறுவன் ரப்பர் குண்டடிபட்டு உயிரிழந்திருந்தான்.

ஏன் கண்களே இலக்காயின? உடற்கூற்றை நோக்கினால் விடை கிடைக்கும். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்பு, பெரிய பொருள்கள் மோதும்போது தானே அடியை வாங்கிக்கொண்டு விழியைக் காக்கிறது. ஆனால் வளர்ந்த மனிதரின் கண்குழி வாயின் அகலமே சுமார் 40 மில்லிமீட்டர்தான். 37 மில்லிமீட்டர் குண்டு அந்தக் காவலைக் கடந்து நேரே விழியை நசுக்கிவிடும். குழந்தைகளுக்கோ மண்டையோடு மெல்லியது, உயரமும் குறைவு. பெரியவர் இடுப்புக்குக் குறிவைத்த குண்டு சிறுவன் தலைக்கு வந்து சேர்வதில் வியப்பென்ன?

இவையெல்லாம் அன்றே தெரியாமல் போய்விட்டனவா என்றால், இல்லை. பெல்பாஸ்ட் மருத்துவர்கள், ரப்பர் குண்டுக் காயத்தோடு வந்த 90 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1975இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒருவர் இறந்தார், இருவர் இரு கண்களையும் இழந்தனர், ஐவருக்கு ஒரு கண்ணின் பார்வை பெரிதும் கெட்டது, நால்வருக்கு முகம் கடுமையாகச் சிதைந்தது. கணக்கில் குறைவாகத் தோன்றலாம். ஆனால் "ஊறு விளைவிக்காத" என்ற அடைமொழியைப் பொய்யாக்க இந்த 90 பேர் போதாதா?

அதற்குள் ரப்பர் போய்ப் பிளாஸ்டிக் வந்திருந்தது. 1973 முதல் புழக்கத்துக்கு வந்த பிளாஸ்டிக் குண்டு, துல்லியமானது என்று சொல்லப்பட்டது. உண்ணாநோன்புப் போராட்டம் நடந்த 1981ஆம் ஆண்டில் மட்டும் அது ஏழு உயிர்களைக் குடித்தது. 1982இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்குத் தடை கோரியது. வட அயர்லாந்தில் இவ்விரு வகைக் குண்டுகளாலும் மாண்டோர் மொத்தம் 17 பேர். அவர்களுள் எண்மர் சிறார். இங்கிலாந்திலோ, 2011 கலவரத்தின்போது லண்டனில் இத்தகைய குண்டுகளுக்கு அனுமதி இருந்தும் ஒன்றுகூடச் சுடப்படவில்லை. எந்தத் தெருவில் சுடலாம், எந்தத் தெருவில் கூடாது என்பதற்கு எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது போலும்!

இது அயர்லாந்தோடு முடிந்த கதையன்று. 1990 முதல் 2017 வரை உலகெங்கும் வெளியான மருத்துவக் கட்டுரைகளைத் தொகுத்து 2017இல் வந்த ஆய்வொன்று, இவ்வகைக் குண்டுகளால் காயமுற்ற 1984 பேரைக் கணக்கிட்டது. 53 பேர் இறந்திருந்தனர். 300 பேருக்கு நிலையான ஊனம். நம் நாட்டிலேயே காஷ்மீரில், 2010 முதல் பயன்பட்ட பெல்லட் துப்பாக்கிகளால் 2016ஆம் ஆண்டுக் கோடையில் கண்ணில் காயம்பட்டு ஸ்ரீநகர் மருத்துவமனைக்கு வந்தோர் நூற்றுக்கணக்கானோர். மரம், ரப்பர், பிளாஸ்டிக், உலோகம் எனப் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. காயம் மட்டும் மாறவில்லை.

எம்மா குரோவ்ஸ் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. இக்குண்டுகளுக்கு எதிரான இயக்கத்தை 1984இல் தோழியுடன் சேர்ந்து தொடங்கி, 2007இல் மறையும் காலத்தைக் கடந்தும் நினைக்கப்படுகிறார். ரிச்சர்ட் மூர், தம்மைச் சுட்ட படைவீரரை 2006இல் நேரில் சந்தித்து மன்னித்தார். மன்னிப்பது அவரால் முடிந்தது; தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு நெடுநாள் ஆனது. சிறுவன் ரௌண்ட்ரீ மீது குண்டு சுடப்பட்டது நியாயமற்றது என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்த ஆண்டு 2017. அவன் இறந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மாணவரிடம் இவற்றைச் சொன்னோம். அவர் செய்தித்தாளை வாங்கி, "ஊறு விளைவிக்காத" என்ற சொற்களைப் பேனாவால் அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நம்மைக் கேட்டார். "ரப்பர் குண்டு சுட்டார்கள் என்று மட்டும் எழுதி, எத்தனை பேருக்கு எங்கெங்கே அடிபட்டது என்று அடுத்த வரியில் சேருங்கள்" என்றோம். அந்தச் செய்தியில் அந்த அடுத்த வரி இல்லை.